முதுகில் விழும் குத்து: கனமான டூரிங் பைக்கின் பின் சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

350 கிலோவைத் தாண்டிய வண்டி, சோபா மாதிரி சீட், நாள் முழுக்க ஓட்டினாலும் அலுக்காத இன்ஜின். ஆனால் பாலத்தின் இணைப்பில் ஏறும்போது முதுகெலும்பின் அடியில் ஒரு குத்து விழும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னும் பலமாக விழும். "பின்னாடி ரொம்ப ஹார்டா இருக்கு, கொஞ்சம் லூஸ் பண்ணிடலாம்" என்று ஸ்பேனரை எடுக்கிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பேர், மூன்று பெட்டி, நீண்ட பயணம். முதல் நாள் ஒவ்வொரு குழியிலும் அடி. மாலையில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, குறைத்தேன். மறுநாள் அடி கூடியது. இன்னும் குறைத்தேன். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் என் மனைவியால் உட்காரவே முடியவில்லை. வீடு திரும்பிய பிறகு ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பிரிங் கடினமாக இல்லை. அது அமுங்குவதற்கு இடமே மிச்சம் இல்லை.

முட்டுவதைக் கடினம் என்று நினைப்பது

இதுதான் மூலத் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் இதுவே தாய். டூரிங் பைக்கில் பின் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் குறைவு. ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல்1800-இல் அது 105 மி.மீ. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் போன்ற அட்வெஞ்சர் பைக்கில் 200 மி.மீ. ஏறக்குறைய பாதி தூரத்தில், அதைவிட நூறு கிலோவுக்கு மேல் கனமான வண்டியைத் தாங்கியாக வேண்டும்.

அந்த 105-இல் ஓட்டுபவர் உட்கார்ந்தவுடன் ஏறக்குறைய 35 மி.மீ. அமுங்கிவிடும். அது வேண்டியதும்கூட. மீதி 70 மி.மீ. குழிகளுக்கும் மேடுகளுக்கும். இப்போது ஒருவர் ஓட்டுவதற்காக வைத்த அதே அமைப்பில், பின்னால் இன்னொருவரும் பெட்டி நிறையச் சாமானும் ஏறினால் நின்ற இடத்திலேயே 60 மி.மீ. போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு மிச்சம் 45 மி.மீ.தான். கொஞ்சம் ஆழமான குழி வந்தால் அது தீர்ந்துபோய், ஷாக்கின் கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் வண்டி போய் மோதுகிறது. அந்த மோதலைத்தான் நாம் "கல்லு மாதிரி இருக்கு" என்கிறோம். அதற்கு மருந்தாகப் பிரீலோடைக் குறைத்தால் மிச்சமிருக்கும் 45-உம் 35 ஆகும். அடி கூடாமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஷாக்கின் பளபளக்கும் தண்டைத் துடைத்துவிட்டு, டையை அதில் சுற்றி, விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்குங்கள். தண்டு உள்ளே நுழையும் சீல் வரைக்கும் அதைத் தள்ளிவிட்டு, வழக்கமான சுமையோடு வழக்கமான மோசமான சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ, அவ்வளவு தூரத்துக்கு டை நகர்ந்திருக்கும். அது பம்ப் ஸ்டாப்பை ஒட்டியோ, அதற்குள் அமுங்கியோ நின்றால் வண்டி முட்டியிருக்கிறது. மோசமான சாலைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு தண்டு தொடப்படாமல் இருந்தால்தான் "ஹார்டு" என்ற புகாருக்கு அர்த்தம் உண்டு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தத் திருகையும் திருப்பாதீர்கள் என்று கெஞ்சிக்கூடக் கேட்பேன்.

பிரீலோடை ஸ்பிரிங்கின் கடினத்தன்மையாக எண்ணுவது

பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஒரு மி.மீ. அமுக்க 10 கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்தாலும் அதற்கடுத்த ஒரு மி.மீ.க்கு அதே 10 கிலோதான் கேட்கும். மாறுவது வண்டியின் பின்பக்கம் நிற்கும் உயரம். அதாவது, இருக்கும் தூரத்தில் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறோம் என்பது மட்டும்.

காற்றில் இயங்கும் ஷாக்குகளும், சுருள்களின் இடைவெளி மாறிக்கொண்டே போகும் புரோகிரெசிவ் ஸ்பிரிங்குகளும் இதற்கு விலக்கு. காற்றழுத்தத்தைக் கூட்டினால் உயரமும் கூடும், கடினமும் சேர்ந்தே கூடும்.

அளக்காமல் திருகுவது

வண்டி தன் எடையிலும் ஆட்களின் எடையிலும் அமுங்கும் அளவை ஸாக் என்பார்கள். அரை மணி நேர வேலை, மூன்று பேர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். சக்கர அச்சின் நடுவுக்கு நேர் மேலே, அசையாத ஒரு பாகத்தில் பேப்பர் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். அச்சிலிருந்து கோடு வரை உள்ளது முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேராகப் பிடித்துக்கொண்டு அளப்பது இரண்டாவது. நீங்கள் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அளப்பது மூன்றாவது. ஜோடியாகப் போகிறவர் என்றால் இருவரும் ஏறி, பெட்டிகளையும் நிரப்பி ஒருமுறை அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வெறும் வண்டியின் ஸாக், ஆள் ஏறிய அளவைக் கழித்தால் ஆட்களோடு உள்ள ஸாக்.

ஷாக்கிலும் இணைப்புகளிலும் உராய்வு இருப்பதால் ஒரே தடவை அளந்த எண்ணை நம்ப முடியாது. பின்பக்கத்தை அமுக்கி மெதுவாக மேலே வர விட்டு ஒருமுறை அளங்கள். தூக்கி மெதுவாக இறக்கி இன்னொரு முறை அளங்கள். இரண்டும் சில மி.மீ. வேறுபடும், நடுவில் இருப்பதுதான் உங்கள் எண். வேறுபாடு அதிகமாக இருந்தால் அதுவே ஒரு தடயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்களோடு இறங்கும் அளவு மொத்தத் தூரத்தில் 30 முதல் 35 சதவீதம் இருக்கட்டும். 105 மி.மீ. என்றால் 31 முதல் 37. வெறும் வண்டி மட்டும் அமுங்குவது சுமார் 10 முதல் 15 மி.மீ. இருந்தால் நல்லது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் ஏறும்போது அளவு சரியாக இருந்து, இறங்கியதும் வண்டி முழுசாக மேலே போய் முட்டி நிற்கிறதா? உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது, அந்தக் குறையைப் பிரீலோடை அளவுக்கு மேல் ஏற்றி மறைத்திருக்கிறீர்கள் என்று பொருள். வேகத்தடையில் இறங்கும்போது "டக்" என்று மேலே தட்டும் சத்தம் இதனால்தான். மாறாக, ஆள் ஏறிய அளவு சரியாக இருந்து, வெறும் வண்டியே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்கு அதிகக் கடினம். இரண்டுக்குமே தீர்வு ஸ்பிரிங்கை மாற்றுவது, பிரீலோடைத் திருகுவது அல்ல.

ஒரே அமைப்பில் வருஷம் முழுக்க ஓட்டுவதும் வருத்தமான பழக்கம். 2001-இல் வந்த ஜிஎல்1800-இலேயே பொத்தானை அழுத்திப் பிரீலோடை மாற்றி, இரண்டு அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. தனியாகப் போகும்போது ஒன்று, ஜோடியாகப் போகும்போது ஒன்று என்பதற்காக. மின்னணு சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஹெல்மெட் படங்களும் பெட்டிப் படமும் திரையில் வருவது அதற்குத்தான். ஆள் ஏறியும் ஒற்றை ஹெல்மெட்டிலேயே விட்டுவிட்டு, சஸ்பென்ஷன் சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே நோக்கும், எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

டேம்பிங்கைக் குழப்பிக்கொள்வது

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்குவதுதான் டேம்பிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரிவதை அடக்குவது ரீபவுண்ட், அமுங்குவதை அடக்குவது கம்ப்ரெஷன். வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடினால் ரீபவுண்டைக் கூட்டுவது சரிதான். அளவு மீறினால் அதுவே கொடுமை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: அடுத்தடுத்து மேடுகள் உள்ள சாலையில் முதல் இரண்டு மென்மையாகக் கடந்து, ஐந்தாவது ஆறாவதில் அடிக்கத் தொடங்கினால் ரீபவுண்ட் அதிகம். ரீபவுண்ட் போதாவிட்டால் பின்னால் இருப்பவரைச் சீட்டிலிருந்து தூக்கிப் போடும்.

கம்ப்ரெஷனில் ஹைஸ்பீடு, லோஸ்பீடு என்று இரண்டு திருகுகள் இருந்தால், அந்த வேகம் வண்டியின் வேகம் இல்லை, ஷாக்கின் தண்டு நகரும் வேகம். 30 கி.மீ. வேகத்தில் கூர்மையான குழியில் விழுவது ஹைஸ்பீடு. 100 கி.மீ. வேகத்தில் நீண்ட பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறுவது லோஸ்பீடு. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறோம் என்பதற்காக ஹைஸ்பீடைத் தொடுபவர்கள் குழிகளில்தான் அதன் விளைவை அனுபவிப்பார்கள்.

திருகை முழுசாக மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். மூடும் இடத்தில் முரட்டுத்தனமாக இறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசிமுனை கெடும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், இரண்டு கிளிக், அதே சாலை. இரட்டை ஷாக் வண்டியில் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை.

டயரில் காற்றைக் குறைப்பது

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய ஜிஎல்1800-க்குச் சொல்லப்பட்ட அழுத்தம் முன்னால் 36, பின்னால் 41 பிஎஸ்ஐ. பின்னால் உள்ளதை 32-க்கு இறக்கினால் முதல் சில கிலோமீட்டர் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுமையில் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி விரிந்து சூடேறும். அந்தப் பின் டயரில் எழுதியிருக்கும் 74 என்ற சுமைக் குறியீடு 375 கிலோவைக் குறிக்கும். போதிய காற்று இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஜோடியாகச் சாமானோடு வெயிலில் நெடுஞ்சாலையில் போகும்போது பின் டயர் வெடித்தால் இவ்வளவு எடையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, வண்டிக்குச் சொன்ன அளவிலேயே வையுங்கள்.

காற்று ஷாக் உள்ள வண்டிகளில் இன்னொரு தவறு, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரை அதிலேயே செருகுவது. ஷாக்குக்குள் இருக்கும் காற்றறை மிகச் சிறியது, கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்தம் எல்லை தாண்டி சீல் போய்விடும். அதற்கென்று உள்ள சின்னக் கைப் பம்புதான் சரி.

தாழ்த்துவது, பின்னால் அடுக்குவது

கால் தரையில் பதிய வேண்டும் என்று வண்டியைத் தாழ்த்துபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு எடையை நிறுத்திப் பிடிக்க அது பலருக்குத் தேவை. ஆனால் குட்டையான ஷாக் போட்டால் ஏற்கெனவே குறைவான தூரம் இன்னும் குறையும். சீட்டின் ஃபோமைச் செதுக்குவதும், தடித்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸும் முதலில் முயல வேண்டியவை. ரொம்ப மென்மையான சீட்டும் ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் உள்ள பிளாஸ்டிக்கைத் தொட வைக்கும்.

மேல் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கனமானவற்றைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வையுங்கள். மேலே ஜாக்கெட், மழைக்கோட்டு மாதிரி லேசானவை போதும்.

பழையதைப் பார்க்காமல் புதிய ஷாக் வாங்குவது

அளக்கும்போது வேறுபாடு அதிகமாக வந்தால் தடயம் என்றேனே, அது இதுதான். நண்பர் ஒருவர் புது ஷாக் வாங்கிப் போட்டும் சின்ன மேடுகளில் வண்டி கரடுமுரடாகவே ஓடியது. பின் சக்கரத்தைத் தூக்கி, அதன் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் இணைப்பான லிங்கேஜைக் கழற்றினோம். ஊசி பேரிங்குகளில் கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. ஒரு பேரிங் கையால் திருப்பினால் நகரவே இல்லை. பழைய ஷாக்கைப் போட்டிருந்தாலும் அந்தப் பேரிங்குகளை மாற்றியதும் பாதி வலி போயிருக்கும்.

ஷாக்கின் எண்ணெயும் நாளடைவில் தேயும். பின்பக்கத்தை ஓங்கி அமுக்கி விட்டால் ஒரே தடவை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ அதைச் சர்வீஸுக்குக் கொடுங்கள். ஆனால் நீங்களே பிரிக்க வேண்டாம். பல ஷாக்குகளில் உள்ளே நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் அடைபட்டிருக்கும், பிரிக்கும்போது பாகங்கள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். மறுபடி நிரப்புவதற்கும் அதற்கென்று கருவி வேண்டும்.

கடைசியில் புதிது வாங்குவதே வழி என்றால், உங்கள் எடை, உடன் வருபவரின் எடை, சாமானின் எடை மூன்றையும் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லி, அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு கேளுங்கள். இன்னொருவர் வண்டியில் அருமையாக இருந்தது என்று அதே ஷாக்கை அதே ஸ்பிரிங்கோடு வாங்கினால், அது அவருடைய எடைக்குத்தான் அருமையாக இருக்கும். வந்த ஷாக்கை மாட்டியதும் கேபிள் டையை மறுபடி கட்டி, அதே மோசமான சாலைக்குப் போய் வந்து பாருங்கள்.