அம்மிச்சியின் சிரிப்பு ‘பியூரைல்’ இல்லை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் ட்யூஷன் படிக்கும் பெண், தன் அம்மிச்சியை, அதாவது பாட்டியைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் அவருக்குப் ‘பியூரைல்’ சிரிப்பு என்று எழுதியிருந்தாள். ‘பியூர்’ என்றால் தூய்மை, அதனால் கள்ளமில்லாத சிரிப்பு என்று நினைத்துக்கொண்டாளாம். பாவம், ஆசையாக எழுதியது வசவாகிவிட்டது.

இரண்டுக்கும் வேர் வேறு. எழுத்துக் கூட்டிப் பாருங்கள்: பியூரைலில் பி, யூ, ஈ, ஆர் என்று வரும். லத்தீனில் ‘புவெர்’ என்றால் சிறுவன். அதிலிருந்து ‘புவெரிலிஸ்’, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அதற்குச் சிறுபிள்ளைத்தனம் என்றுதான் பொருள். வளர்ந்தவர் முதிர்ச்சியில்லாமல் பேசினால் அப்படிச் சொல்வார்கள். நம் பக்கம் மலையாளப் பத்திரிகைகளில் ‘பாலிசம்’ என்று படிக்கிறோமே, அச்சாக அதேதான். அவளுக்கும் இப்படிச் சொன்னதும் பளிச்சென்று புரிந்தது.

‘இன்ஃபன்டைல்’ இன்னும் காட்டம். அதன் வேரான ‘இன்ஃபான்ஸ்’ என்பதற்குப் பேச்சு வராதது என்று பொருள். பேசத் தொடங்காத பச்சைக் குழந்தை! எனக்கு மிகவும் பிடித்த சொல்வேர் இது.

அம்மிச்சிக்கு ‘சைல்ட்லைக்’ போடுங்கள், அது பாராட்டு. ‘சைல்டிஷ்’ பெரும்பாலும் குறை சொல்வதுதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பியூர்பெரல்’ என்று பார்த்தால் அதை வசவென்று நினைக்க வேண்டாம்; அதே ‘புவெர்’தான், அங்கே பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்டது என்று மட்டும் அர்த்தம்.