கம்பி உயரம் பார்த்து கிட்டார் வாங்குங்கள்

கிட்டார் வாங்கி இரண்டு மூன்று மாதத்தில் மூலையில் சாத்தி வைத்தவர்களிடம் காரணம் கேட்டால், "விரல் வலி தாங்க முடியல, எனக்கு இது வராது" என்பார்கள். நான் அந்தக் கிட்டாரை எடுத்து வரச் சொல்வேன். கம்பிக்கு அடியில், கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். 12-ம் ஃப்ரெட்டின் தலைக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் இருக்கும், சிலதில் இன்னும் கூட. அவ்வளவு உயரத்தில் கம்பியை அமுக்க, வருஷக்கணக்கில் வாசித்துப் பழகின கையே திணறும். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பிள்ளைக்கு இசை வரவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தூத்துக்குடியில் வீட்டு மாடியில் கிட்டார் சொல்லித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் வாங்கியவர்கள். அந்த விலைக் கிட்டாரில் தாராளமாக வாசிக்கலாம். கோயிலில் ஆராதனைக்கு வாசிக்கலாம், கச்சேரி மேடையில்கூட ஏறலாம். ஆனால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வாசிப்பது கடினம். விலை குறைந்த கிட்டாரில் தொழிற்சாலைக்காரர்கள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி சரிபார்ப்பு வேலையில்தான். அந்த வேலையை நாம் செய்துகொண்டால் போதும்.

முதலில் கடையில் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் இரண்டாயிரம் மிச்சமாகும் என்றாலும், முதல் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, ஒரு ஸ்கேல் வச்சுப் பாத்துக்கிடட்டா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகுதான் அளக்க வேண்டும். தொய்ந்த கம்பியில் அளந்தால் அளவு பொய் சொல்லும். 12-ம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வாங்கலாம், மிச்சத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். 4-க்கு மேல் போனால் அதே மாடலில் இன்னொன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மாடல், ஒரே விலை, ஆனால் இரண்டு கிட்டாரும் ஒன்றுபோல இருக்காது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். எங்காவது ஜிர்ரென்று இரைந்தாலோ ஒலி செத்துப்போனாலோ அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. நெக்கின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறக்கூடாது. கம்பிகள் உடம்பில் வந்து முடியும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதன் பின்பக்கம் பலகையோடு ஒட்டியிருக்கிற இடத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது, அதைத் தொடவே வேண்டாம். பிறகு முதல் கம்பியை 12-ம் ஃப்ரெட்டில் அமுக்காமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள், மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அமுக்கியும் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். போன் டியூனர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படி ஆறு கம்பிக்கும் பாருங்கள்.

டிரஸ் ராடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி அது. சாதாரண 12 நம்பர் கம்பி செட் (முதல் கம்பி 0.012 அங்குலம்) போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து நிற்பது இந்த ராடுதான். ஒலித்துளைக்குள்ளேயோ, தலைப்பகுதியில் ஒரு சின்ன மூடிக்குக் கீழேயோ ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவி போகும் குழி தெரியும். மிக மலிவான சிலவற்றில் திருகவே முடியாதபடி இருக்கும். அவற்றின் நெக் வளைந்தால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

"சாலிட் மரமா, பிளைவுட்டா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த விலையில் பெரும்பாலும் மேல்பலகை அடுக்கு ஒட்டியதுதான். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை அப்படியே விளிம்பில் இறங்கினால் சாலிட், அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டியது. சாலிடின் ஒலி நன்றாக இருக்கும், வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும். ஆனால் எங்கள் ஊர் மாதிரி கடற்கரை ஊரில் முதல் கிட்டாருக்கு அடுக்குப் பலகையே நல்லது என்பேன். ஈரத்தில் அவ்வளவு உப்பாது, வெயிலில் அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது. யமஹா எஃப்310 அப்படிப்பட்டதுதான். அதில் படித்து வளர்ந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம்.

அளவும் முக்கியம். முழு அளவு டிரெட்நாட் வகை உடம்பு அகலமானது. வலக்கையை அதன் மேல் போட்டால் சின்ன ஆட்களுக்குத் தோள் தூக்கிக்கொள்ளும். பத்து வயதுக்குக் கீழே முக்கால் அளவு வாங்குங்கள். நைலான் கம்பி கிட்டாரும் சின்ன விரலுக்கு இதமானது, நெக் மட்டும் அகலம். ஒரு எச்சரிக்கை: நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டவே கூடாது. அதன் பலகை தாங்கும்படி செய்யப்பட்டது ஏறத்தாழ 40 கிலோ இழுப்புக்குத்தான். இரும்புக் கம்பி போட்டால் பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அதோடு வந்த கம்பிகளைக் கழற்றுவது. 10 நம்பர் செட் ஒன்று, அதாவது முதல் கம்பி 0.010 அங்குலம், கடைசிக் கம்பி 0.047 அங்குலம் உள்ளது, வாங்கிப் போடுங்கள். நல்ல கம்பெனி செட் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கிட்டார் விலையில் அது ஒரு பங்கு என்று யோசிக்காதீர்கள், இந்தச் செலவுதான் மற்ற எதையும்விட அதிகமாக ஒலியை மாற்றும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். தலையில் சுருதி திருகும் சாவியில் இரண்டு மூன்று சுற்று போதும். மாட்டியபின் கம்பியைப் பலகையிலிருந்து மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேர்த்தால் சீக்கிரம் நிலைக்கும்.

இப்போது நெக். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், 14-ம் ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்துத் தடித்த கம்பியை அமுக்குங்கள். அமுக்கிய கம்பி நேர்கோடு. 6-ம், 7-ம் ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, கால் மில்லிமீட்டர் போல, இடைவெளி இருக்கலாம். அதைவிட அதிகம் என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. ஆலன் கீயைக் கடிகாரச் சுற்றில் கால் திருப்புக்கும் குறைவாகத் திருகி, சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். இடைவெளியே இல்லை, கம்பி இரைகிறது என்றால் எதிர்ப்பக்கம் தளர்த்துங்கள். திருகு கடினமாக இருந்தால் வலுக்கட்டாயம் வேண்டாம், தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

நெக் சரியான பிறகும் கம்பி உயரமாக இருந்தால், மிச்ச உயரம் சேடிலில் இருக்கிறது. பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டுதான் சேடில். கம்பிகளைத் தளர்த்தினால் கையோடு உருவி வந்துவிடும். கணக்கு இதுதான்: 12-ம் ஃப்ரெட்டில் எவ்வளவு குறைய வேண்டுமோ, சேடிலில் அதைப் போல இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும். ஏனென்றால் 12-ம் ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. 3.25 மில்லிமீட்டர் இருக்கிறது, 2.5 வேண்டும் என்றால் சேடிலின் அடியில் 1.5 மில்லிமீட்டர் போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கண்ணாடி மேல் 220 நம்பர் உப்புத்தாளை விரித்து, சேடிலை நேராக நிறுத்தித் தேயுங்கள். சாய்ந்தால் அடி வளைந்து ஒலி போய்விடும். மேல் வளைவில் கை வைக்கக்கூடாது, அடியில் மட்டும்தான். கொஞ்சம் தேய்த்து மாட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தேய்ப்பதுதான் முறை. தடித்த கம்பிக்கு 2.5, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பயமாக இருந்தால் கடையிலேயே இந்த அளவைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம்.

தலைப்பக்கம், கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் சின்னத் துண்டான நட்டையும் பாருங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தாள் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கப் பிடிக்கும் விரல் வடிவம்) எல்லாம் வலிக்கும். எஃப் கார்டு வரவே வராது. நட்டின் பள்ளத்தை அறுக்க மெல்லிய அரம் வேண்டும், ஒரு துளி அதிகமானாலும் நட்டையே மாற்றும்படி ஆகும். இதை மட்டும் கைதேர்ந்தவரிடமே கொடுங்கள்.

இவ்வளவும் செய்த கிட்டாரைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள். முந்தின வாரம் "மிஸ், விரல் வலிக்கி" என்று கையை உதறின பிள்ளை, இந்த வாரம் மணி முடிந்தும் எழுந்திருக்காது. முதல் சில வாரம் விரல் நுனி கொஞ்சம் எரியத்தான் செய்யும், அது எல்லோருக்கும் உண்டு. கை மணிக்கட்டோ முழங்கையோ வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தைப் பாருங்கள்.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்பளம் சூழ்ந்த ஊர் எங்களுடையது. கம்பி இங்கே சீக்கிரம் கறுக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய்ப் பனியில் நனைந்து வந்த கிட்டாரை அப்படியே பைக்குள் மூடாதீர்கள், துடைத்து ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை சற்றே உப்பி, கம்பி உயரம் கூடும். பயப்பட வேண்டாம், வெயில் வந்தால் இறங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகும். தினமும் இரவில் கம்பியைத் தளர்த்தி வைக்கச் சொல்வார்கள். அது தேவையில்லை.

வாசிக்கத் தொடங்க நான்கு கார்டு போதும்: ஜி, சி, டி, இ மைனர். பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சுலப வடிவம். மெல்லியதை முதல் கம்பி என்று எண்ணுங்கள். மோதிர விரலை இரண்டாம் கம்பியிலும் சுண்டு விரலை முதல் கம்பியிலும், இரண்டையும் 3-ம் ஃப்ரெட்டில் ஊன்றிவிடுங்கள். அவை நகரவே வேண்டாம். ஆள்காட்டி விரல் ஐந்தாம் கம்பி 2-ம் ஃப்ரெட், நடுவிரல் ஆறாம் கம்பி 3-ம் ஃப்ரெட் என்றால் ஜி. அந்த இரண்டு விரலையும் அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கி, நான்காம் கம்பி 2-ம் ஃப்ரெட், ஐந்தாம் கம்பி 3-ம் ஃப்ரெட்டில் வைத்தால் சி குடும்பத்து கார்டு. அதே இரண்டு விரலும் ஐந்தாம், நான்காம் கம்பிகளில் 2-ம் ஃப்ரெட்டுக்குப் போனால் இ மைனர் ஏழு. டி-க்கு மட்டும் சுண்டு விரலை எடுக்க வேண்டும். ஃப்ரெட்டின் மேலே அமுக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் அமுக்குங்கள். பாதி பலம் போதும்.

வலக்கைக்கு நம் ஊர்த் தாளமே வாத்தியார். தமிழ்ப் பாட்டில் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை நிறைய, தகிட தகிட என்று ஓடும். 'த'-வில் கட்டைவிரலால் தடித்த கம்பி ஒன்று, 'கி', 'ட' இரண்டுக்கும் மற்ற கம்பிகளைக் கீழ்நோக்கி ஒரு தட்டு. வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். இடக்கை அடுத்த கார்டுக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. ஒலி மங்கினாலும் தாளம் போகட்டும், சில நாளில் இடக்கை பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். தினமும் கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இதில் பலன் அதிகம்.

யாராவது பாட, நீங்கள் வாசிக்க வேண்டும் என்றால் ஒரு கேப்போ, அதாவது ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி, வாங்குங்கள். பாடுகிறவர் தன் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார். 1 கட்டை சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஐந்தரைக் கட்டையில் பாடும் அக்காவுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களையே பிடிக்கலாம். ஒன்றரைக் கட்டை அண்ணனுக்கும் கேப்போ அதே இடத்தில்தான், பிடிப்பது மட்டும் சி வடிவம். இரண்டரைக் கட்டை என்றால் முதல் ஃப்ரெட் கேப்போவோடு டி வடிவம், அல்லது மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்துச் சி வடிவம். சி வடிவம் பிடிக்கும் பாட்டில் எஃப் வந்தே தீரும். அப்போது ஆறு கம்பியையும் ஒரே விரலால் அமுக்கப் போராட வேண்டாம், மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் வைத்துப் பிடிக்கும் சின்ன எஃப் போதும். முழு எஃப்-ஐ கை பலப்பட்டபின் எடுத்துக்கொள்ளலாம். நட் சரியாக வெட்டிய கிட்டாரில் அது தானாகவே கிட்டத்தில் வந்துவிடும்.