சைகஸ் குருத்தும் குட்டி நீலப் பட்டாம்பூச்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபார்ட்மென்ட் வாசலில் அழகுக்கு வைத்த, பனைபோல் ஓலை விரிக்கும் சைகஸ் செடி, மழை பெய்து முடிந்ததும் புதுக் குருத்து விடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சல்லடையாகிவிடும். உடனே மருந்து பம்பும் கையுமாகத் தோட்டக்காரர் வருவார். சென்னையில் வாடிக்கையான காட்சிதான், ஆனால் பெரும்பாலும் காலம் கடந்த வைத்தியம்.

குருத்தைத் தின்றது ப்ளெயின்ஸ் க்யூபிட் என்ற நீலப் பட்டாம்பூச்சியின் புழு. இளசாக இருக்கும் ஓலைதான் அதற்கு வேண்டும். முற்றி விறைத்ததைச் சீண்டாது. ஆகவே விறைத்த ஓலைக்கு மருந்தடிப்பது காசுக்குக் கேடு. தாய்ப்பூச்சி முட்டையிடுவது குருத்து தலைகாட்டும்போதே. அன்றைக்கே கொசுவலைத் துணியைத் தளர்வாகப் போர்த்தி, ஓலை விறைத்ததும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

எறும்பு மொய்க்கிறதே என்று எறும்புப் பொடி தூவுவது இன்னொரு தவறு. அது குருத்தைத் தின்ன வரவில்லை. கிட்டே குனிந்து பாருங்கள்: பச்சையாகவோ செம்பழுப்பாகவோ, இலையோடு இலையாகத் தட்டையான ஒரு புழு ஒட்டியிருக்கும். எறும்பு உணர்கொம்பால் அதன் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி, சுரக்கும் இனிப்புத் துளியைக் குடிக்கும். கூலிக்குக் காவலும் பார்க்கும். புழுவின் உடலில் முட்டையிட வரும் குளவியை விரட்டும். சைகஸில் எறும்பு கூடினால் புழு இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அடையாளம் காண நீலத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சிறகை விரித்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். ஆணுக்கு மேல்பக்கம் வெளிர் ஊதா கலந்த நீலம், பெண்ணுக்கு அகலமான பழுப்புக் கரை. உட்கார்ந்து சிறகை மூடிவிட்டாலோ வெறும் சாம்பல். அப்போது பார்க்க வேண்டியது அடிப்பக்கம்: வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள், பின்சிறகின் நூல்போன்ற வால் ஓரமாக ஓர் ஆரஞ்சுத் திட்டு. புள்ளிக்குப் பதில் வரிவரியாக இருந்தால் அது ஸீப்ரா ப்ளூ. வால் இல்லையென்று வேறு இனமாக்கிவிடாதீர்கள் (வாட்ஸ்அப் குரூப்பில் இதற்கே சண்டை நடக்கும்). பின்சிறகைத் தேய்த்து வாலை ஆட்டி அதைத் தலைபோல் காட்டும். பல்லியும் குருவியும் நம்பிக் கவ்வ, வால் போகும், உயிர் தப்பும்.

பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். சிறகின் தூள்போன்ற செதில்கள் விரலோடு வந்துவிடும், திரும்ப முளைக்காது.

கடைசியாக, குருத்து விட்ட தொட்டியை வெளியூருக்கு அனுப்பாதீர்கள், முட்டையும் புழுவும் கூடவே போய்விடும். இங்கே இது நம் மண்ணின் பூச்சி. பசிபிக்கில் உள்ள குவாம் தீவுக்கு இது வெளியாள். 2005இல் அங்கே தென்பட்டது. சாறு உறிஞ்சும் செதில்பூச்சியால் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த காட்டு சைகஸின் குருத்தையும் விட்டுவைக்கவில்லை.