பட்டிப்பொங்கலிலிருந்து பின்னால் எண்ணுங்கள்: தை நோம்பிக்கு அவசரமில்லாமல் தயாராவது எப்படி

சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டிப்பொங்கல் சாயங்காலம். மாட்டுப்பொங்கலைத்தான் எங்கள் கொங்குப் பக்கம் அப்படிச் சொல்வோம்; பொங்கல் பண்டிகை மொத்தமும் எங்களுக்குத் தை நோம்பி. காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், பத்தொன்பது பேர் கூடியிருந்தோம். மாடு கட்டும் கட்டுத்தரையில் தெப்பக்குளம் என்று ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, மாடுகளை மிதிக்க விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்து, "அம்மா, கன்னுக்குட்டி தண்ணியப் பார்த்து மிரண்டு ஒரே தாவாத் தாவிடுச்சு, நீ பார்க்கலையே" என்றாள்.

அந்த வருடம் நான் பார்த்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். பார்க்கவில்லை. அடுத்த நோம்பியிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். முதல் முறையாகத் தன் வீட்டில் நோம்பியை எடுத்துச் செய்யப்போகிறவர்களுக்காக, அந்த நோட்டில் இருப்பதை இங்கே சொல்கிறேன்.

படி 1: உங்கள் பெரிய நாள் எது?

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். நாட்காட்டியைப் பார்த்து நான்கு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். போகியன்று காப்புக்கட்டு (ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலைக் கொத்து கட்டுவது), மறுநாள் தைப்பொங்கல், அதற்கடுத்து பட்டிப்பொங்கல், கடைசியாகப் பூப்பறிக்கிற நோம்பி. மாடு கன்று வைத்திருக்கும் கொங்கு வீடுகளில் மூன்றாவது நாள்தான் பெரிய நாள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போகிக்கு முன்பே ஒட்டடை அடித்து, பாத்திரம் தேய்த்து, பலகாரம் சுட்டு, மூன்றாம் நாள் வரும்போது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறோம்.

அதனால் பெரிய நாளை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். "இந்த வேலையை எப்போது தொடங்கலாம்" என்று யோசிக்காமல், "பட்டிப்பொங்கலுக்கு எத்தனை நாள் முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்" என்று கேளுங்கள். வீட்டில் மாடு இல்லையென்றால் உங்களுக்கு எந்த நாள் முக்கியமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நவம்பரில் டிக்கெட்

ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். போகி ஜனவரி 14 என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நவம்பர் 13 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். சேரன், நீலகிரி, ஏற்காடு எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் பண்டிகை நாள் படுக்கை சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பெயர், வயது எல்லாம் முந்தின நாளே கையில் இருக்கட்டும்.

எல்லோரும் மறப்பது திரும்பிப் போகும் டிக்கெட்டை. ஜனவரி 17 இரவு கிளம்புவதென்றால் அதற்கு நவம்பர் 18 காலை. இரண்டு தேதியையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இல்லாத விருந்தாளி மூன்று நாளும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் கொழுந்தனார் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தார், பாவம்.

படி 3: எதையெல்லாம் விடப்போகிறீர்கள்?

இந்தப் படியில் மட்டும் நிதானமாக உட்காருங்கள். மார்கழி பிறந்ததும் ஒரு மத்தியானம், வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, நோம்பிக்கு நாம் செய்கிற எல்லா வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். பரணை இறக்கித் துடைப்பது, வெள்ளையடிப்பது, ஐந்து வகைப் பலகாரம், எல்லோருக்கும் புதுத்துணி, பங்காளி வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்துவிடுவது என்று எதையும் விடாமல். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் யாருக்கு வருத்தம்?

நான் எழுதியபோது அத்தை பக்கத்தில் இருந்தார். அவருக்குக் காப்புக்கட்டும் தெப்பக்குளமும் துளியும் குறையக் கூடாது. சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து பலகாரம் என்று வந்ததும் அவரே, "ரெண்டு போதுங் கண்ணு, மிச்சத்தை யாரு திங்கறா? நீ செய்யறேன்னுதான் நான் சும்மா இருந்தேன்" என்றார். இத்தனை வருடம் அவருக்காக நான் செய்தேன், எனக்காக அவர் பேசாமல் இருந்திருக்கிறார். கேட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

குறைந்தது மூன்று வேலைகளையாவது அடித்துவிடுங்கள். பரணைத் துடைப்பது மாசியிலும் நடக்கும்.

படி 4: வேலைக்குப் பக்கத்தில் பெயர்

மிச்சமிருக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். "எல்லோரும் சேர்ந்து செய்யலாம்" என்றால் கடைசியில் ஒருத்திதான் செய்வாள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை பறித்து வந்து கொத்துக் கட்டுவது பிள்ளைகள் வேலை. சாளைக்கு, கட்டுத்தரைக்கு, தோட்டத்துக்கு எத்தனை கொத்து என்று அவர்களே எண்ணட்டும். புது மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கொம்புக்கு வர்ணம் வாங்குவது ஆண்கள் வேலை. அப்படியே மூன்றாம் நாள் காலைப் பலகாரமும் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம். என் நாத்தனாருக்குக் கோலம் என்றால் உயிர். அதை அவரிடம் விட்ட பிறகுதான் "நான் விருந்தாளியா வந்தேன்" என்ற பேச்சு நின்றது.

படி 5: வாங்குவது

கெடாத சாமான்களை டிசம்பரிலேயே முடித்துவிடலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய், நாட்டுச் சர்க்கரை. நான் கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் வாங்குவேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் போகிறது. ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டிவிடும். துணிக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தை, திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கான வேட்டி சேலையையும் அப்போதே எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் அவசரமாக எடுத்துக் கொடுப்பது மரியாதையாக இருக்காது. கரும்பு, மஞ்சள் கொத்து, பூ மட்டும் போகிக்கு முந்தின நாள்.

படி 6: பலகாரம்

முறுக்கும் தட்டுவடையும் ஒரு வாரம் முன்பே சுட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போட்டால் மொறுமொறுப்பாக இருக்கும். கச்சாய (அதிரச) மாவைப் பாகில் கிளறி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து சுட்டால் இன்னும் நன்றாக வரும். ஒப்பிட்டை (போளியை) முன்கூட்டிச் செய்ய வேண்டாம், பூரணம் கெட்டுவிடும்.

படி 7: படுக்கையும் வெந்நீரும்

வருகிறவர்களை எண்ணுங்கள். பாய், ஜமக்காளம், போர்வையை எண்ணுங்கள். தை மாதப் பனிக்கு ஆளுக்கொரு போர்வை வேண்டும். குளிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் காலைச் சண்டை பாதி குறையும்.

படி 8: பட்டிப்பொங்கல் நாள் சமையல்

அன்றைக்கு ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம் மட்டும் போதும். இருபது பேருக்கு இரண்டு கிலோ அரிசி, அரை கிலோ துவரம்பருப்பு, அரை கிலோ சின்ன வெங்காயம். கூடவே நெய், தயிர், அப்பளம், ஊறுகாய். வெங்காயத்தை மத்தியானம் சாப்பிட்ட கையோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே உரித்துவிடுங்கள். அரிசி பருப்பை அளந்து மூடி வையுங்கள். மூன்று மணிக்கு அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விடுங்கள். மாடு மிதித்து, பட்டியில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு வந்த பிறகு உலை வைத்தால் முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார். தாமதமானாலும் பரவாயில்லை, பட்டியில் கொடுத்த பொங்கல் வயிற்றில் இருக்கும்.

மறுநாள் பெண்பிள்ளைகள் பூப்பறிக்கப் போயிருக்கும் நேரத்தில் ஊருக்குப் போகிறவர்களின் பைகளைக் கட்டிவிடலாம். தேங்காய், முருங்கைக்காய், சர்க்கரை, ஒரு டப்பா முறுக்கு. வண்டி ஏற்றிவிட்டு வந்ததும், தூங்குவதற்கு முன், வேலைகளை எழுதிய அந்தத் தாளின் பின்பக்கத்தில் எது மிஞ்சியது, எது பற்றவில்லை என்று எழுதி முறுக்கு டின்னுக்குள் போட்டு வையுங்கள். போன தையில் நான் எழுதியது: "முறுக்கு பாதி போதும். போர்வை இரண்டு குறைவு. கன்னுக்குட்டி இந்தத் தடவை மிரளவில்லை."