செல் (எறிகணை) துண்டுதானே எண்டு விட்டுடாதேங்கோ: மார்பில கட்டி தட்டுப்பட்டா செய்யவேண்டியது

எங்கட சின்னம்மாவுக்கு 2009ல யுத்தத்தில செல் வெடிச்சுப் பட்ட துண்டொண்டு இண்டைக்கும் இடது கமக்கட்டுக்குக் கீழ கிடக்கு, அதால அந்தப் பக்கத்து மார்பில புளியங்கொட்டை அளவில கட்டி தட்டுப்படேக்க துண்டுதான் இடம் மாறி வந்திட்டுது எண்டு ஒரு வருசமா ஆருக்கும் சொல்லேல்ல. நோகேல்ல எண்டதுதான் அவவுக்குத் தைரியம். கான்சர் கட்டி தொடக்கத்தில கனபேருக்கு நோகாது அக்காமார்.

மாசத்தில ஒருக்கா, பீரியட்ஸ் தொடங்கி 7 – 10 நாளில உங்கட மார்பை நீங்களே பாருங்கோ, நிண்டுபோன ஆக்கள் ஏதாவது ஒரு திகதியைப் பிடிச்சு வையுங்கோ. கிணத்தடியில குறுக்குக்கட்டோட சரிவராது, அறையைப் பூட்டிட்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு கையைத் தூக்கிப் பாருங்கோ: தோல் குழி விழுந்திருக்கோ, தோடம்பழத் தோல் மாதிரி இருக்கோ, காம்பு புதுசா உள்ளுக்க இழுபட்டிருக்கோ, ரத்தம் கசியுதோ. பிறகு படுத்துக்கொண்டு மற்றக் கையின்ர நடு மூண்டு விரலையும் தட்டையா வச்சு, சின்ன வட்டமா, முதல் மெல்லமா பிறகு நல்லா அமத்தி, காறை எலும்பில இருந்து மார்புக்குக் கீழ மட்டும் தடவுங்கோ, கமக்கட்டை விடாதேங்கோ.

கட்டியெல்லாம் கான்சர் இல்ல, ஆனா அதைக் கையால சொல்லேலாது. மிட்வைஃப் அக்காட்டக் கேட்டா எம்ஓஎச் ஒஃபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) பொம்பிளையளுக்கான செக்கப் நடக்கிற வெல் வுமன் கிளினிக் எப்ப எண்டு சொல்லுவா, காசில்ல. அங்கயிருந்து கடிதத்தோட பெரியாஸ்பத்திரி சேர்ஜிகல் கிளினிக். ஸ்கேன் அல்லது மமோகிராம் (மார்பு எக்ஸ்ரே), பிறகு ஊசியால சதை எடுத்து பயொப்சி, ஊசி குத்தினா பரவும் எண்டு ஊருக்க சொல்லுறது பொய். உடம்பில செல் துண்டு இருந்தா எம்ஆர்ஐ எண்ட காந்த ஸ்கேனுக்கு முன்னமே கட்டாயம் சொல்லுங்கோ.

ஒப்பரேஷன் எண்டோன்ன பயத்தில ஓடவும் வேண்டாம், விளங்காமல் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். கொஞ்ச நாள் யோசிக்கலாம், மாசக்கணக்கா இழுக்கேலாது. டொக்டரிட்ட கேளுங்கோ: கட்டியை மட்டும் எடுக்கேலுமோ, முதல் மருந்தேத்திச் சுருக்கலாமோ, கமக்கட்டு நெறி (நிணநீர்க் கணு) எல்லாத்தையும் எடுக்கோணுமோ. தொடக்கத்தில பிடிபட்டா கட்டியை மட்டும் எடுத்து கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிச்சாலும் முழு மார்பை எடுத்தாலும் உயிர் தப்புற அளவு ஒண்டுதான். ஆனா கரண்ட் பிடிக்க கிழமைக்கணக்கா தினமும் தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக்கோ மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கோ போகோணும், முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில இருந்து அது லேசில்ல, எங்க தங்குறது, வீட்டில பிள்ளையள ஆர் பாக்கிறது எண்டு முதலே கதையுங்கோ. முழுசா எடுத்தாலும் சிலருக்கு கரண்ட் தேவைப்படும், அதையும் கேட்டு வையுங்கோ.

சின்னம்மா முழுசா எடுத்தவ. மிஸ்ஸி (நேர்ஸ்) காட்டின கை அப்பியாசத்தை விடாமல் செய்தா, இப்ப அந்தக் கையாலதான் பால் கறக்கிறா.