சாறு ஏன் கறுத்தது?

திராட்சை பிழிந்தபின் மிஞ்சும் தோலிலும் விதையிலும் பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் ஏராளம். அவற்றை எத்தனால் கலந்த நீரில் இறக்கி, காந்த நானோ துகள்களால் பிடித்தெடுக்க முயன்றேன். மேக்னடைட் (காந்தத்தால் ஈர்க்கப்படும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) துகள்களைச் சாற்றில் கலக்கிவிட்டு, குப்பியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் போதும். கறுப்பெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தெளிந்ததை ஊற்றிவிடலாம். வடிகட்டும் பாடே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

பிடித்ததைத் திரும்ப வாங்குவதில்தான் சிக்கல். வெறும் எத்தனாலுக்குத் துகள் அசைந்து கொடுக்கவில்லை. சரி, கொஞ்சம் அமிலம் சேர்ப்போம் என்று சேர்த்தேன். இறங்கியது. ஆனால் அமிலத்தைச் சமன்செய்யக் காரம் விட்டதும், இளஞ்சிவப்பாக இருந்த திரவம் கண்ணெதிரே நீலக்கறுப்பானது.

அந்த நிறத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்துச் செய்யும் பழைய கறுப்பு மையின் வேதியியல் இது! துகளிலிருந்து அமிலத்தில் கரைந்த இரும்பு, பாலிஃபீனால்களில் உள்ள காலிக் அமில வகைகளோடு கைகோத்திருக்கிறது.

ஆகவே இரும்பு கரையாமலிருக்க, துகளுக்குச் சிலிக்கா உறை போட்டேன். எத்தனாலில் துகளைப் பரப்பி, அம்மோனியா விட்டு, சிலிக்காவாக மாறும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். முதல்முறை அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றியதில் துகள்கள் கட்டியாகிவிட்டன.

அப்புறம் உறையைச் சோதித்தேன்: ஓர் இரவு அமிலத்தில் ஊறவைத்து, காலையில் அந்த அமிலத்தில் தயோசயனேட் விட்டேன். இரும்பு இருந்தால் ரத்தச் சிவப்பு வரும்; வரவில்லை. இப்போது துகள் பிடிக்கும் அளவு சற்றுக் குறைவுதான். ஆனால் பிடித்தது 70% எத்தனாலிலேயே நிறம் மாறாமல் இறங்குகிறது.