படங்கள் மட்டும் வராத இணையதளம்: என் அனுபவம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே விடுதி நடத்தும் நண்பரின் இணையதளத்தைச் சேலத்திலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். அதை ஒரு நிறுவனம் அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளிலிருந்து என்ஜின்எக்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாற்றித் தந்தது. பக்கங்கள் திறந்தன, அறைகளின் படங்கள் மட்டும் 404 பிழை (கோப்பு கிடைக்கவில்லை) காட்டின. மே மாதக் கோடை விழா நெருங்கும் நேரம். படம் பார்க்காமல் யார் அறை பதிவு செய்வார்கள்?

படங்கள் தனி வட்டில், /தரவு/விடுதி/ என்ற அடைவில் பத்திரமாக இருந்தன. பிழைப் பதிவைத் திறந்ததும் விடை கிடைத்தது. சர்வர் அவற்றை /தரவு/விடுதி/படங்கள்/ என்ற இடத்தில் தேடியிருக்கிறது. அப்படி ஓர் அடைவே கிடையாது.

காரணம், கோப்புகள் எந்த அடைவில் உள்ளன என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும் 'ரூட்' கட்டளை. அது முகவரியின் பாதை முழுவதையும் (இங்கே /படங்கள்/ என்பதையும் சேர்த்து) அடைவின் பின்னால் ஒட்டிவிடும். 'ஏலியாஸ்' அப்படியல்ல, லொகேஷனில் (எந்த முகவரிகளுக்கு இந்தக் கட்டளை என்று குறிக்கும் இடம்) பொருந்திய பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அடைவை வைக்கும். அப்பாச்சியில் ஏலியாஸாக இருந்ததை ரூட்டாக எழுதியிருந்தார்கள். திருத்தினேன். லொகேஷன், ஏலியாஸ் இரண்டின் முடிவிலும் சாய்கோடு அவசியம். லொகேஷனில் அதை விட்டுவிட்டால், முகவரியில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து மேல் அடைவின் கோப்புகளை வெளியார் எடுத்துவிட முடியும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அடுத்து 403 பிழை (அனுமதி மறுப்பு) வந்தது. கோப்புகளின் அனுமதி சரியாக இருந்தது. 'விடுதி' அடைவின் உள்ளே அவை இருந்த துணை அடைவுக்குள் நுழையத்தான் சர்வருக்கு உரிமை இல்லை. பாதையிலுள்ள ஒவ்வோர் அடைவுக்கும் 'எக்ஸ்' அனுமதி, அதாவது உள்ளே நுழையும் அனுமதி, வேண்டும். பலர் எல்லோரும் எழுதவும் அனுமதிக்கும் 777 என்ற எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஆபத்து, உரிமையாளர் மட்டும் எழுத, மற்றவர்கள் படிக்கவும் நுழையவும் விடும் 755 போதும். அமைப்பைச் சோதித்துவிட்டு ரீலோட் செய்தேன். படங்கள் வந்துவிட்டன.